பூட்டுக்கு ஆள் தேடிய அக்கா

கேரள எல்லையோரம் உதியன்குளங்கரையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் அடுக்களையில், எங்களுக்குச் சொந்தமில்லாத சில சாமான்கள் எப்போதும் இருந்தன. ஒரு டப்பா முந்திரிக்கொத்து. ஒரு டிவி ரிமோட். கொஞ்ச நாள் ஒரு பொட்டலம் புகையிலை. எல்லாம் பக்கத்து வீட்டு அக்காவுடையவை. எங்களுக்கு என்று தந்தவை அல்ல. தன்னிடமிருந்து காப்பாற்றச் சொல்லி எங்களிடம் ஒப்படைத்தவை.

அக்கா சந்திப்பில் ஆட்டோ ஓட்டினாள். பெயரைச் சொல்லமாட்டேன். அவள் வண்டி இன்றும் அந்த ஸ்டாண்டில்தான் நிற்கிறது. அங்கே உள்ளவர்கள் கேலி செய்ய நான் வேறு எடுத்துக்கொடுக்க வேண்டாம். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, முழங்கை வரை மடித்த கை, ஹாரனைத் தேவையற்றதாக்கும் குரல். வண்டியை வளைத்துத் திருப்புவதில் அவளுக்கு நிகராக அங்கே யாரும் கிடையாது. வாயிலும்தான்.

சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே டப்பாவோடு வந்து நின்றாள். பண்டிகைக்குச் செய்த முந்திரிக்கொத்து அதில் பாதிக்கு மேல் இருந்தது.

"இத நீ வச்சிக்க மக்கா. நான் வந்து கேப்பேன். அழுவேன். பொய் சொல்லுவேன். தரப்பிடாது, கேட்டியா?"

தலையாட்டினேன். இரண்டொரு நாளில் வந்து, வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதாகச் சொல்லி நாலு கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். விருந்தாளி யாரும் வந்திருக்கவில்லை. வாசலில் நின்றபடியே இரண்டைத் தின்றாள், மிச்சம் இரண்டை என் கையிலேயே திரும்ப வைத்தாள், பிறகு திட்ட ஆரம்பித்தாள்.

"ஒனக்குக் கொஞ்சமாவது நெஞ்சுறப்பு உண்டுமா பிள்ளே? கள்ளி கேக்கத்தான் செய்வா. காவலுக்கு நிக்கவ எடுத்துக் குடுக்கலாமா? ஒன்ன நம்பி எப்பிடி ஒரு சாமான் தாறது?"

திருடியவள் காவல்காரியைத் திட்டியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவள் கோபம் நியாயமாகவும் இருந்தது.

அக்காவைப் பற்றி எதை நினைத்தாலும் இதில்தான் வந்து நிற்கிறது. தன் மனசை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. "எனக்க மனசு நல்ல ஆளுதான். ஒத்தைக்கு விட்டுட்டுப் போவப்பிடாது, அவ்வளவுதான்" என்பாள். சீரியல் பைத்தியம் பிடித்தபோது ரிமோட் எங்கள் வீட்டுக்கு வந்தது. புகையிலைப் பழக்கத்தை விட நினைத்தபோது பொட்டலம் வந்தது. எதையும் அவள் குப்பையில் போடமாட்டாள். போட்டால் மறுபடி வாங்குவாளாம். ஒருத்தரிடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் நிம்மதியாம்.

போன் மட்டும் இந்த வழிக்கு வரவில்லை. சவாரிக்காரர்கள் கூப்பிட வேண்டுமே என்றுதான் பெரிய போன் வாங்கினாள். அவர்கள் கூப்பிட்டால் எடுக்க நேரமில்லாத அளவுக்கு அதில் மூழ்கிப்போனாள். மீன்கறி வைக்கும் வீடியோ, மலைப்பாதையில் லாரியைப் பின்னால் எடுக்கும் வீடியோ, எல்லாவற்றுக்கும் மேலாக ஆனை. ஆனை குளிப்பது, ஆனை சோற்றுருண்டை தின்பது, ஆனைக்குட்டி வழுக்கி விழுவது. ஸ்டாண்டில் அவள் முறை வந்து, பின்னால் நின்ற வண்டிக்காரன் சவாரியை ஏற்றிக்கொண்டு போன பிறகும், அக்கா ஆனையோடு ஆற்றில் இருப்பாள்.

காலையில் பள்ளிக்கூடச் சவாரி உண்டு. எங்கள் சந்திலிருந்து ஒரு வண்டி நிறையக் குழந்தைகளை நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய் விடுவாள். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சமில்லை. ஒரு நாள் அமரவிளையில், பழைய செக்போஸ்ட் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், முன்னால் போன மீன்வண்டி சட்டென்று நின்றது. அக்கா கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தாள். வண்டி இடிக்கவில்லை. ஆனால் உள்ளே டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றிருந்த சின்னப் பெண்ணின் நெற்றி கம்பியில் மோதி, சின்ன எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. குழந்தைகள் வீட்டில் போய், ஆன்ட்டி போனில் ஆனை பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லிவிட்டார்கள். அது உண்மைதான்.

மறுநாள் எந்த வீட்டிலிருந்தும் குழந்தையை அனுப்பவில்லை. அக்கா எங்கள் அடுக்களைத் தரையில் வந்து உட்கார்ந்தாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக இருந்து நான் கேட்டதில்லை.

"அந்தப் பிள்ளைக்க நெத்தி எனக்க கண்ணுலயே நிக்குது மக்கா. ஒரு சாண் கூடுதலா போயிருந்தா? போன விட முடியல்ல, நானும் பாத்தாச்சு. அப்ப வண்டியத்தானே விடணும்? வித்துரலாமான்னு யோசிக்கேன்."

வண்டி இல்லாத அக்காவை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. போனைக் கட்டுப்படுத்த போனிலேயே ஆப் உண்டு என்று நான்தான் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கள்ளனைப் பிடிக்கக் கள்ளன் வீட்டிலேயே போலீஸ் இருப்பது அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

முதல் ஆப்பில் ஒரு மரம் வளரும். போனைத் தொடாமல் இருந்தால் தளிர்த்து, கிளை விட்டு, பெரிய மரமாகும். தொட்டால் பட்டுப்போகும். அண்ணன், அதாவது அக்காவின் கணவர், ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர். ஒரு ரப்பர் மரம் பால் தர எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்த வீட்டில், அரை மணி நேரத்தில் மரமாகும் ஒரு கன்று வந்தால் யார் சும்மா இருப்பார்கள்? எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க அக்கா போனைத் தொடுவாள். மரம் பட்டுப்போகும். "சவத்து மரம், ஒரு பார்வை தாங்காதா?" என்று அதோடு சண்டை போடுவாள்.

அடுத்தது திரையைக் கறுப்பு வெள்ளை ஆக்கும் ஆப். நிறம் போனால் ஆசையும் போய்விடுமாம். ஆனை ஏற்கெனவே கறுப்பு என்பது அதைச் செய்தவனுக்குத் தெரியவில்லை. இன்னொன்று, ஒரு நாளில் எவ்வளவு நேரம் போன் பார்த்தாய் என்று கணக்குக் காட்டுவது. அதை அவள் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடம் பரீட்சை மார்க் மாதிரி காட்டித் திரிந்தாள். அங்கே அவள்தான் முதல். நேரம் முடிந்ததும் பூட்டிக்கொள்ளும் ஒன்றும் வந்தது, ஆனால் "இன்னும் பதினைந்து நிமிடம் வேண்டுமா?" என்று அதுவே கேட்கும். அக்கா அதை ஒரு வாரத்தில் துரத்திவிட்டாள்.

"கேட்ட உடனே தருது மக்கா. கேக்காமலும் தருது. இதுக்கு ஒன்னவிட நெஞ்சுறப்பு கொறவு."

எந்த ஆப் நல்லது என்று கண்டுபிடிக்க, அதைப் பற்றிய வீடியோக்களைப் பகல் முழுக்கப் பார்த்தாள். போன் பார்ப்பதை நிறுத்துவது எப்படி என்று இந்தப் பக்கத்தில் அவளைவிட அதிகம் போன் பார்த்தவர் இல்லை.

அப்படித்தான் கடைசி ஆப் கிடைத்தது. அது யாருடைய கெஞ்சலுக்கும் இரங்காது. திறக்க நாலு எண் வேண்டும். அந்த எண்ணை நமக்குத் தெரியாமல் வேறொருவர் போட்டு, தன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். போன் பேசலாம், மற்றதெல்லாம் அடைத்துக் கிடக்கும். அக்காவுக்குக் கண் விரிந்தது. அவள் ஆயுள் முழுக்கச் செய்துவந்ததை எவனோ ஒருவன் ஆப்பாகச் செய்து வைத்திருக்கிறான்!

முதலில் அண்ணன் எண் போட்டார். மத்தியானத் தூக்கத்தில் போய்க் கேட்டதும், கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார். அடுத்து நான். சர்ச் பாடகர் குழுவுக்குப் புதுப்பாட்டு வந்திருக்கிறது, உடனே கேட்டாக வேண்டும் என்று வந்து நின்றாள். பாட்டுதானே என்று திறந்துவிட்டேன். பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்ல வேண்டியதில்லை.

"எனக்கு இப்பதான் மனசிலாச்சு," என்றாள் அன்று. "என்மேல பிரியம் உள்ளவிய எல்லாரும் தந்துருவாவ. பிரியம் இல்லாத ஒரு ஆளு வேணும்." தன் வீட்டு வேலிப் பக்கம் திரும்பினாள். "எனக்கு அப்பிடி ஒரு ஆளு உண்டு."

அண்ணனின் மூத்த சகோதரியைச் சொன்னாள். அக்காவுக்கு மைனி. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஓர் ஆட்டோடு தனியாக இருந்தாள். இருவருக்கும் பேச்சு முறிந்திருந்தது, அதற்குக் காரணமும் போன்தான். மாமியார் இறந்த அன்று, பாஸ்டர் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருக்கையில், தலைமாட்டில் இருந்த அக்காவின் மடியிலிருந்து ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். பதறிப்போய் அணைக்கப் போனவள் சத்தத்தைக் கூட்டிவிட்டாள். சுற்றி இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அழுகையா வேறு ஏதாவதா என்று கர்த்தருக்குத்தான் தெரியும். மைனிக்கும் தெரிந்திருந்தது. தன் அம்மா கிடந்த இடத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டவள், அன்றோடு அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் பேச்சு முறிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. மூன்றாவதாக ஒன்றைப் பார்த்துப் பேசுவார்கள். இவர்களுக்கு ஆடு.

"எடீ ஆடே, தண்ணி டேங்கு நெறஞ்சு வழியுது. சிலபேருக்குக் காது கேக்காதோ?" என்பாள் மைனி.

அக்கா ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வருவாள். "ஆடே, நிறுத்தியாச்சுன்னு சொல்லு."

ஆடு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பலா இலை தின்னும்.

எண் போடும் காரியத்துக்கு ஆடு போதாது என்று என்னைக் கூட்டிப்போனாள். ஒரு கை தூரத்தில் நின்ற அக்காவைப் பார்க்காமல், "அவளுக்கு என்ன வேணுமாம்?" என்று மைனி என்னைக் கேட்டாள். விளக்கிச் சொன்னேன்.

"அப்ப, அவ வந்து கெஞ்சுவா. நான் முடியாதுன்னு சொல்லணும்?"

"ஆமா."

"அழுதாலும்?"

"அழுதாலும்."

மைனியின் முகம் மலர்ந்தது. "இத நேரத்தே சொல்லப்பிடாதா?" என்றாள்.

முதுகைத் திருப்பிக்கொண்டு, போனை முந்தானையால் மூடி, ஒவ்வோர் எண்ணாகக் குத்தினாள். அதுவரை பட்டன் போனைத் தவிர வேறு எதையும் தொடாதவள் என்பதால், திறப்பது எப்படி, பூட்டுவது எப்படி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை திறந்திருக்கும் என்று முடிவானது.

அந்த வாரம் வேலியோரம் நடந்ததை டிக்கெட் போட்டுக் காட்டியிருக்கலாம். "ஆடே, ஒரு அஞ்சு நிமிஷம்" என்று அக்கா கெஞ்சுவாள். "ஆடே, ஆறு மணி ஆவட்டும்னு சொல்லு" என்று பதில் வரும். அழுது பார்த்தாள், தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள், அண்ணனின் பெயரால் கேட்டும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "கல்லு மக்கா, கல்லு! எனக்க வாழ்க்கையில இப்பிடி ஒரு ஆளு கிடைச்சதே இல்ல!"

ஆனாலும் ஸ்டாண்டில் பூட்டிய போனை எடுத்து எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம். அந்தப் பழக்கமும் போகட்டும் என்று போனையே காலையில் மைனியின் வீட்டில் வைத்துவிட்டு, அண்ணனின் பட்டன் போனோடு வண்டி எடுக்கத் தொடங்கினாள். மெல்ல மெல்ல சந்துக்காரர்கள் குழந்தைகளை அனுப்பினார்கள். நெற்றி வீங்கிய பெண்ணின் அம்மா மட்டும் அனுப்பவில்லை. அவள் வீட்டு வாசலில் அக்கா தினமும் வண்டியை ஒரு நிமிஷம் மெதுவாக்குவாள். கதவு திறக்காது. போய்விடுவாள்.

மைனியிடம் ஏதோ மாற்றம் வந்திருப்பதை நான் கொஞ்ச நாளாகவே கவனித்தேன். வேலியோரச் சண்டை குறைந்தது. டேங்கு நிறைந்து வழிந்தாலும் ஆட்டிடம் யாரும் புகார் சொல்லவில்லை. அவள் அடுக்களையிலிருந்து அடிக்கடி தீய்ந்த வாசனை வந்தது. ஒரு நாள் என்னிடம், "பிள்ளே, கடுகு தாளிக்கதுக்கு முன்னே வெந்தயம் போடணுமாம், ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். யார் சொன்னது என்று கேட்டதற்கு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள்.

எனக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். மத்தியானம் மைனியின் அலறல் கேட்டது. ஓடினேன். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து விளையில் மரச்சீனி இலையைத் தின்றிருக்கிறது. மரவள்ளியின் பச்சை இலை ஆட்டுக்கு விஷம். கால் பின்னி, வாயில் நுரை தள்ளக் கிடந்தது. சவாரி முடிந்து அப்போதுதான் வந்த அக்கா, இறங்காமலே வண்டியைத் திருப்பினாள். ஆட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பாறசாலை மிருக ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். மைனி மடியில் ஆட்டின் தலை, என் மடியில் கால்கள்.

"எடீ, வேகமா போ! சாவப்போவுது!" என்று கத்தினாள் மைனி.

"போறேன் மைனி. நீங்க தலையத் தூக்கிப் பிடியுங்க."

இடையில் நின்று பேச்சை வாங்கிக் கொடுக்க ஆட்டுக்கு அப்போது தெம்பில்லை. நேருக்கு நேர் பேசிக்கொண்டதை இருவருமே கவனிக்கவில்லை.

டாக்டர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஆடு தள்ளாடி எழுந்து நின்று, அவருடைய மேசையில் இருந்த காகிதத்தைத் தின்னப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

திரும்பும் வழியில் மைனி தானாகவே சொன்னாள். "கயிறு இத்துப்போனது எனக்குத் தெரியும். மாத்தணும்னு நேத்தே நெனச்சேன். இன்னைக்கு ஒரு பொண்ணு மண்சட்டியில மீனு வைக்கதப் பாத்துட்டே இருந்தேன். இது முடியட்டும், இது முடியட்டும்னு... ஆடு கத்தினதுகூட காதுல விழல்ல."

எண் தெரிந்தவள். போனும் வீட்டில் கிடந்தது. நான் நடத்திய பாடமும் நன்றாகவே ஏறியிருந்தது.

அக்கா சிரிப்பாள், ஒரு வருஷத்துக்கு வைத்துக் கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஆனை, மைனி," என்றாள்.

மைனி அழுதாள். அக்காவும் அழுதாள். "அன்னிக்கு அம்மைக்க தலைமாட்டுல... நான் வேணும்னு செய்யல்ல மைனி" என்று இத்தனை காலம் ஆட்டிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள். "தெரியும்டீ," என்றாள் மைனி. "அந்தச் சவத்து சாமான் ஆரையும் விடாது."

வீட்டு வாசலில் இறங்கியதும் மைனி உள்ளே போய் போனை எடுத்து வந்து அக்காவின் கையில் திணித்தாள். "நீயே வச்சிக்க. நம்பர மாத்து. எனக்கிட்டச் சொல்லாதே. நான் கேட்டாலும் தராதே."

அக்கா விழித்தாள். அவள் வாழ்க்கையில் எத்தனையோ பொருளைக் காவலுக்குக் கொடுத்திருக்கிறாள். அவளை நம்பி யாரும் எதையும் காவலுக்குக் கொடுத்ததில்லை. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, தனக்கே தெரிந்த நம்பர் தனக்கு எப்படிப் பூட்டாகும் என்று கேட்டாள். மறுபடியும் வண்டியை விற்கும் பேச்சு வரும் என்றே பயந்தேன்.

வரவில்லை. ஆறு மணிக்குப் போனோடு மைனியின் வீட்டுக்குப் போவாள். இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து கொஞ்சம் ஆனையும் கொஞ்சம் மீனும் பார்ப்பார்கள். எட்டு மணிக்குப் பூட்டிவிடுவாள். பகலில் தொடுவதே இல்லை. எப்படி முடிகிறது என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எனக்காவ பூட்டினா ஒரு மணிக்கூறு தாங்காது மக்கா. இது மைனிக்காவ பூட்டினதாக்கும். அவிய அங்க பாக்காம இருக்கும்போ நான் இஞ்ச திறந்து பாத்தா, அது துரோகமில்லியா?"

ஒரு காலையில் எனக்கு பஸ் தவறிவிட்டது. அக்காவின் வண்டியில் குழந்தைகளோடு ஏறிக்கொண்டேன். அக்கா வீட்டு முன்னாலிருந்து கிளம்பும்போது எதிரே அந்தச் சின்னப் பெண்ணின் அம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அக்கா எஞ்சினை அணைத்தாள். அந்த அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். போன் மாட்டும் ஸ்டாண்டு இருந்த இடம் காலியாக இருந்தது.

"போன் வீட்டில் பூட்டி வச்சிருக்கயாணல்லே? நம்பர் ஆருடெ கையிலா? ஆ சேச்சியுடெ கையில் தன்னெயல்லே?" என்று மலையாளத்தில் கேட்டாள். வீட்டில் பூட்டிய போனின் நம்பர் அந்த மைனியிடம்தானே இருக்கிறது என்பது அவள் கேள்வி. மைனியின் கையில் இருக்கிறது என்று கேட்டால் அவளுக்குத் தைரியம் வரும். சந்தில் எல்லோருக்கும் மைனியைத் தெரியும்.

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அக்கா ஹேண்டிலைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "எனக்க கையிலாக்கும்."

அந்த அம்மாவின் கை மகளின் தோளை இழுத்துக்கொண்டது. அக்கா மறுபடி ஸ்டார்ட் செய்யக் குனிந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தைரியமா அனுப்பு பிள்ளே! அவ ஒரு ஆளுக்கும் திறக்கமாட்டா! நான் விடிஞ்சதுல இருந்து காலப் பிடிக்காத கொறையா கெஞ்சுதேன், ஒரு மீனு கழுவதப் பாக்க விடுதாளான்னு பாரு, இரக்கம் கெட்டவ!"

அந்த அம்மா வேலியைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு மகளைத் தூக்கி என் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

அமரவிளை தாண்டும்போது அக்காவைப் பார்த்தேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். கண்கள் மட்டும் ரோட்டை விட்டு அசையவில்லை.